பாங்கொக் போகாத கால்

பொன்னம்பலத்தின் குரலை இக்னேசியஸ் கால் நூற்றாண்டுக்குப் பிறகு ரேடியோவில்தான் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை. கனடாவில், ரெக்ஸ்டேல் அபார்ட்மென்டில் அவன் மனைவி வேரோனிக்கா இறைச்சிக் கறிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். தமிழ் ரேடியோவில் யாரோ ஒரு பெரிய மனிதரைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மார்க்கம் நகரத்தில் வீடு வாங்கி விற்கும் ஏஜன்ட்டாம். ஒரு காலத்தில் பெரிய உதைபந்தாட்டக்காரராம். ஆசியக் கழகங்களுக்கான கிண்ணத்துக்குப் பாங்கொக் போன முதல் தமிழர்களில் ஒருவராம்.

"பாங்கொக்கில நான் அடிச்ச பந்து கோல் கம்பத்தில பட்ட சத்தம் இண்டைக்கும் என்ர காதுக்குள்ள கேக்குது," என்றது குரல்.

இக்னேசியஸ் எழுந்து போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தான். வெங்காயச் சத்தத்தில் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது என்று அடுப்பையும் குறைத்தான். வேரோனிக்கா அகப்பையோடு திரும்பிப் பார்த்தாள்.

"ஆரப்பா உது?"

"என்ர கால் நகத்தைத் திண்டவன்."

அவளுக்கு அந்தக் கதை தெரியும். கலியாணம் முடித்த புதிதில் அவனுடைய வலது பெருவிரலைப் பார்த்து, இதென்ன கருவாட்டுத் துண்டு மாதிரி என்று கேட்டவள் அவள். அன்றைக்குச் சொன்னான். அதற்குப் பிறகு வருசத்தில் ஒருதரமாவது சொல்லாமல் விட்டதில்லை.

கதை இதுதான். அறுபதுகளின் கடைசியில், ஆசியாவின் நாடுகளில் முதலாவதாக வருகிற கழகங்களைக் கூட்டி ஒரு கிண்ணம் வைக்கத் தொடங்கியிருந்தார்கள். நாட்டு அணிகளுக்கு இல்லை, கழகங்களுக்கு. கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்களும் கிளாக்குமாரும் சேர்ந்து விளையாடிய ஒரு கழகத்துக்கு அழைப்பு வந்தது. அந்தக் கழகத்தில் இடதுபக்க முன்களம் இக்னேசியஸ். மன்னார்க் கடற்கரை மணலில் பழகிய கால். பந்து அவன் விரலில் ஒட்டிக்கொண்டு வரும் என்பார்கள். அவன் அதுவரைக்கும் ஒரு ஆட்டம்கூடப் பூட்ஸ் போட்டு ஆடியதில்லை.

பாங்கொக்கில் வெறுங்காலோடு விடமாட்டார்கள் என்று செய்தி வந்தது. பூட்ஸ் இல்லாதவன் மைதானத்துக்குள் இறங்க ஏலாது. அவனுக்குத் தன் கால் அளவே தெரியாது. சப்பாத்துக் கடைப் படியை மிதித்திராத கால். அப்போது அதே இடத்துக்கு இரண்டாவது ஆளாக மைதான ஓரத்து வாங்குப் பலகையில் காத்திருந்தவர், துறைமுகக் கந்தோரில் கிளாக்காக இருந்த பொன்னம்பலம், ஓடி வந்து உதவி செய்தார். ஒரு பழைய பத்திரிகையைத் தரையில் விரித்து இக்னேசியஸின் காலை அதில் வைத்துப் பென்சிலால் கீறினார். அதை எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய்ப் பூட்ஸ் வாங்கி வந்ததும் அவர்தான். போட்டால் இறுக்கியது. பெருவிரல் மடங்கியது.

"முதல் முதல் அப்பிடித்தான்டா இருக்கும். இறுக்கமா இருந்தாத்தான் பந்து சொல்வழி கேக்கும்," என்றார் பொன்னம்பலம். உப்புத் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டே படு, காலுக்கு ஏற்ற மாதிரித் தோல் இளகும் என்றும் சொன்னார்.

வெறுங்கால்காரனுக்கு என்ன தெரியும்? பூட்ஸ் போடும் பெரிய மனிதர் சொல்கிறார். நனைத்தான். போட்டான். படுத்தான். தோல் இளகவில்லை, காய்ந்து இறுகியது. குதிக்கால் உரிந்து, பெருவிரல் நகம் கறுத்துக் கழன்று, சீழ் பிடித்துக் காய்ச்சலில் கிடந்தான். கழகச் செயலாளர் ஒருதரம் வந்து எட்டிப் பார்த்தார். தன் காலைப் பராமரிக்கத் தெரியாதவன் நாட்டின் பெயரை எப்படிக் காப்பாற்றுவான் என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பிளேன் டிக்கெட் அளவாகத்தான் வந்திருந்தது, முதலில் அதில் பொன்னம்பலத்துக்கு இடம் இருக்கவில்லை. பிறகு இருந்தது.

பிளேன் போன பிறகுதான் இக்னேசியஸ் நொண்டி நொண்டிப் புறக்கோட்டைக்குப் போய் அந்தப் பூட்ஸைக் கடைக்காரரின் முன்னால் வைத்தான். கடைக்காரருக்கு நன்றாக நினைவிருந்தது. பத்திரிகையில் கீறிய கால் பெரிது, தான் அதற்குச் சரியானதைத்தான் எடுத்து வைத்ததாகவும், வந்தவர்தான் அதை ஒதுக்கிவிட்டு ஒரு நம்பர் குறைத்துக் கேட்டதாகவும் சொன்னார். பாவித்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

அன்றைக்கு வைத்த கறுவம். எங்கள் ஆட்கள் பகையை மறந்தாலும் கறுவத்தை மறக்க மாட்டார்கள். பகை இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும். கறுவம் ஒருவன் வயிற்றுக்குள் தனியாக இருக்கும், சோறு போட்டு வளர்க்க வேண்டும். இக்னேசியஸ் அதைக் கொழும்பிலிருந்து மன்னாருக்கும், மன்னாரிலிருந்து மடு அகதி முகாமுக்கும், அங்கிருந்து கனடாவுக்கும் கொண்டு வந்திருந்தான். வழியில் எத்தனையோ சாமான் துலைந்தது. இது துலையவில்லை.

அந்த வருசம், இக்னேசியஸ் சேர்ந்திருந்த தீவார் விளையாட்டுக் கழகத்தின் கோடைச் சுற்றுப்போட்டிக்கு யாரைப் பிரதம விருந்தினராகக் கூப்பிடுவது என்று கூட்டம் நடந்தது. கழகத் தலைவர் இராசரத்தினம் ஒரு டாக்டரின் பெயரைச் சொன்னார். இன்னொருவர் ஒரு கணக்காளரைச் சொன்னார். ஒருநாளும் கூட்டத்தில் வாய் திறக்காத இக்னேசியஸ் எழுந்து, விளையாட்டு விழாவுக்கு ஒரு விளையாட்டுக்காரனையே கூப்பிட்டால் என்ன என்று கேட்டான். எல்லோருக்கும் வியப்பு. ரேடியோவில் கேட்டிருந்தார்கள், பாங்கொக் பொன்னம்பலம் என்று அவருக்குப் பட்டமே வைத்திருந்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு முதல் நடக்கும் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் ஆட்டத்தில் அவரை எங்கள் பக்கம் இறக்குவோம் என்றான் இக்னேசியஸ். இராசரத்தினம் மேசையில் தட்டி அதை ஏற்றார்.

அழைக்கப் போனதும் அவனும் இராசரத்தினமும்தான். மார்க்கத்தில் இரண்டு கார் கராஜ் வைத்த வீடு. வாசலிலேயே எங்கள் வழக்கப்படி சப்பாத்துகளைக் கழற்றினார்கள். படிக்குப் பக்கத்தில் வீட்டுக்காரரின் சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. இராசரத்தினம் மணியை அடித்துக்கொண்டிருக்க, இக்னேசியஸ் குனிந்து தன் காலுறையை இழுக்கிற மாதிரி ஒரு சப்பாத்தைக் கவிழ்த்துப் பார்த்தான்.

பத்து.

அவனுடைய சொந்தக் கால் கனடாக் கணக்கில் ஒன்பது. சரியாக ஒரு நம்பர் குறைவு. தேவமாதாவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனான்.

பொன்னம்பலம் தடித்திருந்தார். தலைமயிர் கறுப்பு, அது கடையில் வாங்கிய கறுப்பு. இக்னேசியஸைக் கட்டிப்பிடித்து, எங்கேயடா இவ்வளவு காலமும் இருந்தாய் என்று கேட்டார். தேத்தண்ணி வந்தது, பகோடா வந்தது, பாங்கொக் கதையும் வந்தது. கோல் கம்பம் அதே இடத்தில்தான் நின்றது.

"நீ வராமப் போனதுதான்டா எனக்குப் பெரிய கவலை," என்றார் பொன்னம்பலம். "கால்ல ஏதோ வருத்தம் எண்டு கேள்வி."

"ஓம் அண்ணை. சின்ன வருத்தம்தான்."

திரும்பி வரும் வழியில் இராசரத்தினம், எவ்வளவு நல்ல மனிசன் பார்த்தாயா என்று கேட்டார். இக்னேசியஸ் 401 நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தான். சிரிப்பு வந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்த கிழமை அவன் மோல் கடைத்தொகுதியில் ஒரு விளையாட்டுக் கடைக்குப் போனான். அங்கிருந்த பூட்ஸிலேயே விறைப்பான தோல் எது என்று பார்த்து, ஒன்பதாம் நம்பரில் ஒன்று வாங்கினான். கறுப்பு, வெள்ளைக் கோடு, நல்ல அழகு. வேரோனிக்கா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாவமப்பா," என்றாள். "வயது போன மனிசன்."

"எனக்கு அப்ப வயது போகேல்லை."

அவள் பூட்ஸைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். விழாவுக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

விழா நாள் வெயில் கொளுத்தியது. ஒரு பள்ளிக்கூட மைதானம், ஒருபக்கம் கொத்துரொட்டிக் கூடாரம், ஒருபக்கம் மேடை. மேடையில் வினோதன் மைக்கோடு நின்றான். இராசரத்தினத்தின் மருமகன், வாய்க்கு வேலி இல்லாத பொடியன். வரவேற்பு, ஒரு நிமிட மௌனம், மங்கள விளக்கு எல்லாம் முடிந்து, பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் கட்டம் வந்தது. இக்னேசியஸ் பூட்ஸ் பெட்டியை எடுத்து வந்து, இதையும் ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொடுப்போம் என்றான்.

இராசரத்தினத்தின் மனைவி யோகராணி தாம்பாளத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உங்களுக்கென்ன விசரோ? விளக்கு வைச்ச தாம்பாளத்தில சப்பாத்து வைக்கிறதோ?"

கடைசியில் கேக் வந்த பெட்டியின் மூடியில் வைத்துக் கொண்டு போனார்கள். வினோதன் மைக்கில், பாங்கொக் நாயகனுக்குக் கழகத்தின் அன்பளிப்பு என்று அறிவித்தான். சனம் கை தட்டியது. பொன்னம்பலத்தின் மனைவியும் வளர்ந்த மகளும் முன்வரிசையில் இருந்து படம் எடுத்தார்கள். பொன்னம்பலம் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த நம்பரைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"இக்னேசி, எனக்குப் பத்தடா."

"தெரியாமப் போச்சு அண்ணை. போட்டுப் பாருங்கோ. எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். பொன்னம்பலம் கதிரையில் இருந்து போட்டார். இக்னேசியஸே முழங்காலில் நின்று, பிள்ளைக்குக் கட்டுகிற மாதிரி, கயிற்றை நன்றாக இழுத்துக் கட்டினான். பொன்னம்பலத்தின் முகம் சுருங்கியது.

"இறுக்குதடா."

இக்னேசியஸ் நிமிர்ந்து அவருடைய கண்ணைப் பார்த்தான்.

"முதல் முதல் அப்பிடித்தான் இருக்கும் அண்ணை. இறுக்கமா இருந்தாத்தான் பந்து சொல்வழி கேக்கும்."

ஒரு மூச்சு விடுகிற நேரம் பொன்னம்பலத்தின் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு எல்லாம் வந்தது. பத்திரிகைத் தாள், பென்சில், உப்புத் தண்ணீர், புறக்கோட்டை. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அந்த முகத்தில் வந்து நிற்பதை இக்னேசியஸ் கிட்டவிருந்து பார்த்தான். இதற்காகத்தானே இவ்வளவு காலமும் சோறு போட்டு வளர்த்தது.

பொன்னம்பலம் வாய் திறப்பதற்குள் வினோதன் கத்தினான். "லேடீஸ் அண்ட் ஜென்டில்மன், பாங்கொக் பொன்னம்பலம் அங்கிள். கிவ் இற் அப்."

இனி எப்படி இறங்காமல் விடுவது?

ஆட்டம் தொடங்கியது. உதைபந்தைப் பற்றித் தெரிந்த ஆட்கள் அந்த ஆட்டத்தைப் பிறகும் கன நாள் கதைத்தார்கள். ஒருவனுக்கு நல்ல பந்து கொடுத்து அவனைக் கொல்லலாம் என்பதை அன்றைக்குத்தான் கண்டோம் என்றார்கள். ஆனால் அவர்களுக்குப் பாதிதான் தெரியும்.

இக்னேசியஸ் இடதுபக்கம். பொன்னம்பலம் நடுவில். எதிர்ப்பக்கம் வடமராட்சி ஊர்க்காரரின் கழகம், வயிறு வைத்த ஆட்கள், துள்ளி ஓட மாட்டார்கள். இக்னேசியஸ் முதல் பந்தை எடுத்து இரண்டு பேரைத் தாண்டி, பொன்னம்பலத்துக்கு முன்னால் ஒரு முழம் தள்ளிப் போட்டான். காலடியில் இல்லை. ஒரு முழம் முன்னால். ஓடினால் எட்டும், நின்றால் எட்டாது. பொன்னம்பலம் ஓடினார். எட்டவில்லை. அடுத்ததும் ஒரு முழம். அதற்கடுத்ததும். ஒவ்வொன்றும் தட்டில் வைத்த சோறு மாதிரி, யார் பார்த்தாலும் குறை சொல்ல ஏலாத பந்து. தவறினால் குற்றம் பந்தை வாங்குகிறவன் மேல்தான்.

"இக்னேசியஸ் அங்கிள், வட் அ போல். தேன் மாதிரி," என்றான் வினோதன் மைக்கில். "பொன்னம்பலம் அங்கிள் ஓடுறார், ஓடுறார்... நோ. ஓக்கே. பரவாயில்லை, வயது போட்டுது."

சனம் சிரித்தது. முதலில் அன்பாகத்தான் சிரித்தார்கள். நான்காவது, ஐந்தாவது பந்துக்கு அந்த அன்பு கழன்றுவிட்டது.

இடைவேளையில் பொன்னம்பலம் புல்லில் குந்தியிருந்து பூட்ஸைக் கழற்றப் போனார். அணியின் தலைவன் இக்னேசியஸ்தான், ஆளை மாற்றுவதும் அவன்தான். கழற்றினால் திரும்பப் போட ஏலாது அண்ணை என்று கனிவாகச் சொன்னான். மகள் தண்ணீர்ப் போத்திலோடு ஓடி வந்து, அப்பா நீங்கள் ஓக்கேயா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பொன்னம்பலம் மகளைப் பார்த்தார், இக்னேசியஸைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. நான் நல்லா இருக்கிறன்."

நொண்டிக்கொண்டு திரும்ப இறங்கினார். அந்த நேரம் மட்டும் இக்னேசியஸின் மனதில் ஏதோ ஒன்று மெதுவாக அசைந்தது. உடனே பெருவிரலைப் பூட்ஸுக்குள் அழுத்தி அதை அடக்கினான்.

இரண்டாவது பாதியில் அவன் பந்தை இன்னும் அழகாகப் போட்டான். கோல் வாசலுக்கு நேரே, எதிர்ப்பக்கக் கோல் காவலன் வழுக்கி விழுந்து கிடக்க, வெறும் கோல். ஒரு முழம் முன்னால். பொன்னம்பலம் மூன்று எட்டு வைத்தார், நின்றார். குனிந்து கயிற்றை அறுக்கிற மாதிரிப் பிடுங்கி, இரண்டு பூட்ஸையும் கழற்றி எறிந்தார். வெள்ளைக் காலுறையின் குதியில் சிவப்பு. அப்படியே பந்துக்குப் பின்னால் ஓடத் தொடங்கினார்.

விசில் ஊதியது. லீக்கிலிருந்து கூப்பிட்டு வந்த இத்தாலிய மத்தியஸ்தர், சிரிக்கத் தெரியாத மனிசன், காலைக் காட்டி வெளியே என்று கையை நீட்டினார்.

"நோ பூட்ஸ், நோ பிளே."

இக்னேசியஸ் கண்ணை மூடிக்கொண்டான். இந்தச் சொல்லை அவன் திட்டமிட்டிருக்கவில்லை, யாரோ சும்மா கொடுத்த மாதிரி வந்தது. வெறுங்காலோடு விடமாட்டார்கள். அதே சட்டம். இந்த முறை வேறு கால்.

அவன் தன் இடத்துக்கு வேறு ஒருவரை இறக்கிவிட்டுத் தானும் வெளியே வந்தான். பொன்னம்பலம் வாங்கில் குந்தியிருந்து, சோடா வைத்த ஐஸ்பெட்டிக்குள் இரண்டு காலையும் விட்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. இக்னேசியஸ் கழற்றி எறிந்த பூட்ஸைப் பொறுக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தான்.

"எவ்வளவு காலமாத் தெரியும்?" என்று கேட்டார் பொன்னம்பலம்.

"நீ பிளேன் ஏறின கிழமையே."

அண்ணை என்ற சொல் போய்விட்டது. இரண்டு பேருமே அதைக் கவனித்தார்கள். பொன்னம்பலம் ஐஸுக்குள் விரலை அசைத்தார். பிறகு, யாரிடமும் சொல்லாத மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"என்னை இறக்கவே இல்லையடா. ஒரு ஆட்டம் கூட. கோச் எனக்குப் பதிலா வேற ஆளைப் போட்டவர். முழுக்க வாங்கிலதான் இருந்தன்."

"அப்ப கோல் கம்பம்?"

"மற்றவன் அடிச்சது. நான் சத்தம் கேட்டனான்."

இக்னேசியஸ் கையிலிருந்த பூட்ஸைத் திருப்பிப் பார்த்தான். தன்னுடைய இடத்தில் இவன் ஓடியிருப்பான், தன்னுடைய பந்தை இவன் அடித்திருப்பான் என்று நினைத்து எரிந்த வருசங்கள் எல்லாம் ஒரு வாங்குக்காகவா? இரக்கப்பட வேண்டிய இடம் இதுதான் என்று அவனுக்கும் தெரிந்தது. பொன்னம்பலமும் அதற்காகத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவன் பூட்ஸ் இரண்டையும் கயிற்றால் சேர்த்து முடிந்து கழுத்தில் போட்டுக்கொண்டு எழும்பினான்.

"அந்த வாங்கும் என்ர வாங்கு," என்றான்.

கிண்ணம் கொடுக்கிற நேரம் பிரதம விருந்தினர் பேச வேண்டும். பொன்னம்பலத்தின் பளபளப்பான சப்பாத்துகள் வீங்கிய காலுக்குள் போகவில்லை. சூட்டும் பொன்னாடையும் போட்டபடி, வெறுங்காலோடு மேடை ஏறினார். முன்வரிசையில் இக்னேசியஸ் கழுத்தில் பூட்ஸோடு நின்றான். அவன் வாய் திறக்கத் தேவையில்லை, நின்றால் போதும். பொன்னம்பலம் தொண்டையைச் செருமிக்கொண்டு, இளைஞர்களே, நான் பாங்கொக்கில் என்று தொடங்கினார். இக்னேசியஸின் கழுத்தைப் பார்த்தார். நிறுத்தினார்.

அந்த மௌனத்துக்குள் கொத்துரொட்டிக் கூடாரப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணை, பாங்கொக்கிலயும் உப்பிடித்தான் விளையாடினீங்களோ?"

மைதானம் சிரித்தது. யோகராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். வினோதன் மைக்கை மூட மறந்து சிரித்தான், அது ஒலிபெருக்கி முழுக்கக் கேட்டது. பொன்னம்பலத்தின் மகள் மட்டும் நிலத்தைப் பார்த்தாள். பொன்னம்பலம் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு வேறு ஒன்றும் பேசாமல் இறங்கினார். அதற்குப் பிறகு ரேடியோவில் யாரும் பாங்கொக் பொன்னம்பலம் என்று சொல்லிக் கேட்கவில்லை.

காரில் ஏறி வேரோனிக்கா பெல்டைப் போட்டாள். பிறகு, இப்போது ஆறியதா என்று கேட்டாள். அவன் ஓம் என்றான். அந்தப் பிள்ளை நிலத்தைப் பார்த்தது தெரியுமா என்று கேட்டாள். அதற்கும் ஓம் என்றான்.

"பில் இருக்குதெல்லோ. கழுவிப்போட்டுத் திருப்பிக் குடுங்கோ. வீட்டுக்குள்ள உது வேண்டாம்," என்றாள்.

இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் முதல் பழகியது அதைத்தான். வாங்கினதைத் திருப்பிக் கொடுப்பது. திங்கட்கிழமை வேலை முடிந்து அவன் அந்தக் கடைக்குப் போய்ப் பெட்டியை வைத்தான். கழுவவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளை ஒருத்தி, நல்ல மரியாதையான பிள்ளை, சிரித்துக்கொண்டே இதில் என்ன பிழை என்று கேட்டாள்.

இக்னேசியஸ் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். கொழும்பில் செயலாளர் கேட்கவில்லை. கோச் கேட்கவில்லை. பிளேன் ஏறிய ஒருவனும் கேட்கவில்லை.

"டூ ஸ்மோல்," என்றான். இன்னொருதரமும் சொன்னான், கொஞ்சம் சத்தமாக. "டூ ஸ்மோல்."

அவள் பூட்ஸை எடுத்து உள்ளே பார்த்தாள். குதியில் காய்ந்த கறை. முகம் மாறியது. மன்னிக்க வேண்டும், போட்டு விளையாடியதைத் திருப்பி எடுக்க ஏலாது என்றாள். என்ன பிழை என்று கேட்டதற்காக அவன் அவளுக்கு நன்றி சொன்னான். அவள் குழம்பிப் போனாள்.

கடைக்கு வெளியே மோலின் நடுவில் ஒரு வாங்கு இருந்தது. அதில் குந்தித் தன் சப்பாத்தைக் கழற்றினான். கருவாட்டு நகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, அந்தப் பூட்ஸைப் போட்டான். பொன்னம்பலத்தின் கால் உள்ளே நன்றாக இழுத்து வைத்திருந்தது, தோல் இளகிவிட்டது.

ஒன்பது. பெருவிரல் மடங்கவில்லை. குதி கடிக்கவில்லை.

பழைய சப்பாத்தைப் பெட்டிக்குள் வைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு எழும்பி நடந்தான். பளிங்குத் தரையில் பூட்ஸ் ஆணிகள் டக் டக் என்று அடித்தன. தள்ளுவண்டியோடு வந்த சனம் திரும்பிப் பார்த்தது. அவன் இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தான்.